நிறைவா இருந்தது சாமி

ஆவுடைச் சாமியிடம் சீடராக வந்து சேர்ந்தபோது கோமதிநாயகத்துக்கு அறுபது தாண்டியிருந்தது. சாமிக்கும் அதே வயதுதான்.

சாமியாவதற்கு முன் அவர் வெறும் ஆவுடையப்பன். தென்காசிப் பக்கம் ஓடிய ஒரு பஸ்ஸில் அவர் டிரைவர், நாயகம் கண்டக்டர். இருபது வருஷத்துக்கு மேல் ஒரே வண்டி. ஒருவர் தூக்குச்சட்டியில் இன்னொருவர் சாப்பிடுவார். 'வே' என்றும் 'நீரு' என்றும்தான் பேச்சு. வளைவில் வண்டியை மோசமாகத் திருப்பினால், "உமக்கு மாட்டுவண்டிதான் சரி வே" என்று பஸ் முழுக்கக் கேட்கும்படி நாயகம் பின்னாலிருந்து சொல்வார். ஆவுடையப்பன் முதலில் சிரிப்பார். அடுத்த வளைவை ஒழுங்காகத் திருப்புவார்.

ஆவுடையப்பன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒருநாள் வேலையை விட்டுவிட்டு, மலையடிவாரத்தில் கால்வாய்க் கரையில் குடில் போட்டுக்கொண்டார். அவர் சொன்ன சின்னச் சின்னக் கதைகளைக் கேட்க ஜனங்கள் வர ஆரம்பித்தார்கள். நாயகத்தால் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்க முடியவில்லை. அவர் மனைவி மரகதம் படுக்கையில் விழுந்திருந்தாள். வருஷக்கணக்கில் அவர்தான் பார்த்துக்கொண்டார். அவள் போன பிறகு வீட்டுக்குள் இருக்கப் பிடிக்காமல், ஒரு பையோடு குடிலுக்கு வந்து சாமியின் காலில் விழுந்தார்.

"என்ன வே இது? எந்திரும்."

"என்னைச் சீடனா ஏத்துக்கணும் சாமி."

முதல் சில மாதங்கள் சாமி அவரை 'வே' என்றுதான் கூப்பிட்டார். நாயகம் கையைக் கட்டிக்கொண்டு, "சொல்லுங்க சாமி" என்பார். குரு என்று வந்துவிட்ட பிறகு பழைய உரிமையைக் காட்டக் கூடாது என்பது அவர் எண்ணம். கூப்பிட்டுக் கூப்பிட்டுச் சலித்து, சாமியும் மற்றவர்களைக் கூப்பிடுவதுபோல அவரை 'ஐயா' என்று கூப்பிடத் தொடங்கினார்.

சாயங்காலம் சபை கலைந்ததும் நாயகம் ஜமுக்காளத்தை மடிப்பார். சாமி அருகில் வந்து, "இன்னைக்கு எப்படி இருந்தது?" என்று கேட்பார்.

"நிறைவா இருந்தது சாமி."

சாமி தலையை ஆட்டிவிட்டு உள்ளே போவார்.

சில நாள் நிறைவாகத்தான் இருந்தது. சில நாள் முந்தாநாள் சொன்ன கதையையே சாமி மறுபடி சொன்னார். ஒருநாள் மானையும் வேடனையும் வைத்துக் கதை சொன்னபோது பாதி வழியில் அவர் அசந்துபோக, மான் வில்லை வளைத்து அம்பைத் தொடுத்துவிட்டது. சபை கண்ணை மூடித் தலையாட்டியது. நாயகத்துக்குத் தொண்டை வரை வந்தது சிரிப்பு. இருமுவதுபோல இருமி விழுங்கிவிட்டார். அன்றைக்கும் நிறைவாகத்தான் இருந்தது என்று சொன்னார்.

அப்படியிருக்கும்போது பக்கத்து ஊரிலிருந்து பேச்சித்தாய் என்று ஒரு பெண் வந்தாள். புருஷன் பனையிலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் கிடக்கிறான். பிள்ளைகள் கிடையாது. சபையில் எழுந்து நின்று கேட்டாள்.

"சில நாள் இவரு போய்ச் சேந்தாத் தேவலைன்னு தோணுது சாமி. இது பாவமா?"

எல்லோரும் சாமியைப் பார்த்தார்கள். காலையிலிருந்து பேசிப் பேசி அவர் குரல் கம்மியிருந்தது. வழக்கமாகச் சொல்லும் விளக்குக் கதையை எடுத்தார். விடிய விடிய எரிகிற விளக்கு அலுத்துக்கொள்கிறதா, யாருக்கு வெளிச்சம் தருகிறோம் என்று கணக்குப் பார்க்கிறதா என்று முடித்தார். சபையில் ஆகா என்றார்கள். பேச்சித்தாய்க்குக் கண் நிறைந்தது. பக்திதான் என்று நினைத்துப் பக்கத்திலிருந்தவள் அவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

நாயகம் வாசலில் செருப்புகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அந்தப் பெண் வெளியே வந்தபோது அவள் முகத்தை அவர் ஒருவர்தான் பார்த்தார். மரகதம் படுத்திருந்த காலத்தில், சவரம் செய்துகொள்ளும்போது கண்ணாடியில் பார்த்த முகம் அது. செருப்பை இடம் வலம் மாற்றிப் போட்டுக்கொண்டு, சாப்பாட்டுக்கு நிற்காமல் அவள் போய்விட்டாள்.

சாயங்காலம் சாமி கேட்டார்.

"நிறைவா இருந்தது சாமி" என்றார் நாயகம்.

மறுநாள் காலையில் இருவரும் அடுப்படியில் பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். நாயகத்துக்குக் கை ஓடவில்லை. நேற்றிலிருந்து உடம்பு கனத்துக் கிடந்தது.

"சாமி, ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க ஐயா."

"மரகதம் போனப்ப வீட்டுல ஒத்தையில கெடந்தேன். இங்க இத்தனை பேரு இருக்காங்க. பக்கத்துல நீங்க இருக்கீங்க. ஆனா அன்னைக்கு இருந்ததைவிட இப்பத்தான் ஒத்தையா இருக்கற மாதிரி இருக்கு. அசதியா இருக்கு சாமி. நான் என்ன செய்யட்டும்?"

சாமி நறுக்குவதை நிறுத்தவில்லை. ஒரு கீற்றை நறுக்கி முடித்துவிட்டு, "நேத்து எப்படி இருந்தது?" என்று கேட்டார்.

"நிறைவா இருந்தது சாமி."

இன்னொரு கீற்றை எடுத்தார். "நேத்து எப்படி இருந்தது?"

நாயகம் நிமிர்ந்து பார்த்தார். வராத பஸ்ஸுக்கு நெடுநேரம் நின்ற ஆள் மாதிரி இருந்தது சாமியின் முகம். இவ்வளவு களைப்பு எப்போது வந்து ஏறியது என்று நாயகத்துக்குத் தெரியவில்லை.

"பரவால்லாம இருந்தது" என்றார்.

சாமி மறுபடியும் கேட்டார். இந்தத் தடவை அவர் குரல் கிட்டத்தட்டக் கெஞ்சியது.

நாயகம் கத்தியைக் கீழே வைத்தார்.

"விளக்குக்கு இடுப்பு வலிக்காது வே."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது. நிறுத்த முடியவில்லை. ஆள் பாரத்தைத் தினமும் தூக்கிப் புரட்டுவதைப் பற்றிச் சொன்னார். படுக்கைப் புண்ணைத் துடைப்பதைச் சொன்னார். மரகதம் போய்விட்டால் தேவலை என்று தனக்கும் தோன்றியதை, அது சில நாள் இல்லை, பல நாள் என்பதை, இதுவரை ஒருவரிடமும் சொல்லாததைச் சொன்னார். அந்த நேரத்தில் எவனாவது வந்து விளக்குக் கதை சொல்லியிருந்தால், அந்த விளக்கை எடுத்தே அவனை அடித்திருப்பேன் என்றார்.

"அந்தப் பொம்பளை செருப்பை மாத்திப் போட்டுக்கிட்டுப் போறா. நீரு கண்ணை மூடி உக்காந்திருக்கீரு."

சாமி தலையைக் குனிந்துகொண்டார்.

"வேற?" என்றார்.

"அன்னைக்கு உம்ம கதையில மான் அம்பு விட்டுச்சு."

"மானா?"

"மானேதான். வேடன் தலைதெறிக்க ஓடினான். சபை முழுக்க, 'ஆமா சாமி'ன்னுச்சு."

சாமியின் தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்று நாயகம் பதறினார். அது சிரிப்பு. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு சத்தம் வராமல், வாயைத் திறந்து சிரிப்பாரே, அதே சிரிப்பு. நாயகத்துக்கும் தொற்றிக்கொண்டது. தண்ணீர் எடுக்க வந்த ஒரு அம்மாள் இரண்டு கிழவர்களும் பூசணிக்காயைப் பிடித்துக்கொண்டு குலுங்குவதைப் பார்த்துவிட்டு, குடத்தை நிறைக்காமலே திரும்பிப் போனாள்.

சிரித்து ஓய்ந்ததும் இருவரும் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

"இத்தனை நாளும் சொல்லாம இருந்துட்டேன்" என்றார் நாயகம்.

"நானும் தினமும் கேட்டுப் பாத்தேன்" என்றார் சாமி. பிறகு எழுந்து, "நேத்து வந்த அந்த அம்மா வீடு எங்க இருக்குன்னு தெரியுமா?" என்றார்.

விசாரித்துக்கொண்டு மத்தியான வண்டியில் போனார்கள். பேச்சித்தாய் அடிபம்பில் துணி அலசிக்கொண்டிருந்தாள். சாமியைப் பார்த்ததும் பதறி, பக்கத்து வீட்டில் நாற்காலி வாங்க ஓடினாள். சாமி உட்காரவில்லை.

"நேத்து நான் சொன்னது தப்பும்மா. நீ கேட்டதுக்கு எனக்குப் பதில் தெரியாது. தெரியாததை மறைக்கத்தான் கதை சொன்னேன்."

அவள் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"எனக்குப் பதிலெல்லாம் வேண்டாம் சாமி. ஒரு நாளாவது தூங்கணும்."

போய்ப் படு, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று நாயகம் சொன்னார். அவள் நம்பாமல் பார்த்தாள். அவர் உள்ளே போய் அவள் புருஷனுக்கு அடியில் சரியான இடத்தில் கைகொடுத்துப் புரட்டியதைக் கண்ட பிறகு, அடுத்த அறைக்குப் போய் வெறுந்தரையில் சாய்ந்தாள். சாய்ந்த கணமே தூங்கிப்போனாள்.

துடைத்துவிட்டு, துணி மாற்றி, கஞ்சி ஊட்டி முடிக்கப் பொழுது சாய்ந்துவிட்டது. சாமிக்கு ஒன்றும் கைவரவில்லை. படுத்திருந்தவனின் இரண்டு கால்களையும் சேர்த்து வேட்டிக்குள் திணித்துக்கொண்டிருந்தார். "அது மனுஷன் வே, தலகாணி இல்ல, உறை போடாதேயும்" என்றார் நாயகம். அதுவரை கூரை மோட்டைப் பார்த்தே கிடந்த அந்த மனிதனின் உதடு சிரிப்பில் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. வாரத்துக்கு இரண்டு நாள் வருவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார்கள். பேச்சித்தாய் கன்னத்தில் தரையின் தடத்தோடு வாசல் வரை வந்தாள். கும்பிடவில்லை. "வாங்க" என்று மட்டும் சொன்னாள்.

திரும்பும் பஸ்ஸில் கூட்டமில்லை. சாமி ஜன்னலில் தலையைச் சாய்த்திருந்தார். இருவருக்கும் முதுகு நிமிரவில்லை. வண்டி ஓட ஓட, காலையில் பேசியது நாயகத்துக்கு ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. அளவுக்கு மீறிப் பேசிவிட்டோமோ என்று மனசு அடித்துக்கொண்டது.

"நான் சொன்னது வலிச்சுதா வே?" என்று கேட்டார்.

"வலிச்சுது."

வண்டி ஓர் ஊரைத் தாண்டியது. நாயகம் முன்சீட்டுக் கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பசிக்குது வே" என்றார் சாமி. "ரொம்ப நாளைக்கப்புறம் பசிக்குது."