நாரையின் மார்பில் ஒரு துளை

ஓவியர் நிலோபருக்கு வயது முப்பத்தாறு. அவளிடம் சுவரில் வரையக் கற்றுக்கொண்டிருந்த வேதமுத்துவுக்கு ஐம்பத்தொன்பது. வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளுக்குப் படம் போட்டே தலை நரைத்தவர். பத்திரிகைகள் ஒவ்வொன்றாக நின்றபின் பதினோரு வருஷம் அவரை யாரும் கூப்பிடவில்லை. நிலோபர் கூப்பிட்டாள். அந்த நன்றியில் அவளை ‘வாத்தியாரம்மா’ என்றே அழைத்தார். அவள் கூசிப்போனாலும் விடுவதில்லை.

குளத்துக் கரையைத் தாங்கி நிற்கும் நீண்ட சுவர். குளத்தில் வாழும் உயிர்களை அதில் வரைய வேண்டும். வேதமுத்துவுக்கு நாரை. பக்கத்தில் நிலோபரின் இன்னொரு மாணவி செண்பகத்துக்குத் தவளைகள்.

சுவரில் வரிசையாகத் துளைகள் விட்டிருந்தார்கள். பின்னால் தேங்கும் நீர் அவற்றின் வழியே கசிந்து வெளியேறும். அதில் ஒன்று நாரையின் மார்பில் வந்து அமைந்துவிட்டது.

இத்தனை காலம் கழித்து வரையும் படம். அதில் பொத்தலா? எல்லோரும் சாப்பிடப் போன மதியத்தில் வெள்ளை சிமெண்டைக் குழைத்து அடைத்து, மேலே இறகுகளைத் தீட்டினார்.

இரண்டு நாள் மழை. மூன்றாம் நாள் தவளைகள் கொப்புளித்து, தோல் தோலாக உரிந்து தொங்கின.

“கடைக்காரன் மட்டமான பெயிண்டைத் தலையில கட்டிட்டான்,” என்று செண்பகம் கண்ணைத் துடைத்தாள்.

வேதமுத்துவால் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

“பெயிண்ட் இல்லம்மா. நான் துளையை அடைச்சிட்டேன். போக வழியில்லாம தண்ணி உன் பக்கம் வந்திருக்கு.”

செண்பகம் முறைத்தாள். “நல்லா இருக்கே சார்! உங்க நாரை என் தவளையை முழுங்கிடுச்சே!” சொன்னவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

நிலோபர் சிரிக்கவில்லை. ஸ்க்ரூடிரைவரை அவரிடம் நீட்டினாள்.

அவர் அதை வாங்கிக்கொண்டார்.

“இதைத் திறந்தா மழைக்கு மழை படத்து மேல ஓடும், வாத்தியாரம்மா. பாசி பிடிக்கும். படம் நிலைக்குமா?”

“நிலைக்காது சார்.”

“அப்போ இந்தச் சுவர் எதுக்கு? ரோட்டுக்கு அந்தப் பக்கம் காய்ஞ்ச சுவர் இருக்கே.”

அவள் நாரையின் மார்பைக் காட்டினாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு குத்தினார்.

கலங்கிய நீர் பீறிட்டு அவர் சட்டையை நனைத்தது. பிறகு அடங்கி, நாரையின் வயிற்றில் இறங்கி, நீண்ட கால்களின் வழியே வழிந்து தரையில் பரவியது.

நிலோபர் அவரை ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் அழைத்துப் போனாள். இருவரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“இத்தனை நாளும் அது சுவத்துல நின்னுச்சு சார்,” என்றாள். “இப்பதான் தண்ணியில நிக்குது.”

வேதமுத்து நாரையின் காலடியில் பரவிய நீரைப் பார்த்தார். பிறகு, ஈரம் காயாத கைகளை அவளை நோக்கிக் குவித்தார்.