கொம்பி கொண்டுவந்த வெங்காயம்

காட்டோரப் புதரில் செவலை என்றொரு நாய் தன் ஒரே குட்டியோடு இருந்தது. முயலுக்கு வைத்த கண்ணியில் சிக்கி அதன் முன்னங்கால் ஒடிந்துவிட்டது. வேட்டைக்குப் போக முடியவில்லை. பாலும் வற்றிவிட்டது. குட்டி பசியில் முனகிக்கொண்டே கிடந்தது.

பக்கத்துத் தோட்டத்தில் மேயும் வெள்ளாடு கொம்பி இதைப் பார்த்து உருகிப்போனது. அதற்கு நல்ல மனசு. தனக்குத் தெரியாதது உலகத்தில் இல்லை என்ற நினைப்பும் கொஞ்சம் உண்டு. தோட்டத்தில் கிடைத்ததையெல்லாம் கவ்விக்கொண்டு வந்தது. எதையும் முதலில் தான் ஒரு வாய் தின்று பார்க்கும். வயிற்றை ஒன்றும் செய்யாவிட்டால்தான் குட்டிக்குக் கொடுக்கும். அதைப் போகிற வருகிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்லியும் வந்தது.

முதலில் கேரட் வந்தது. தொண்டையில் சிக்காதபடி செவலை அதைக் கடித்துத் துண்டாக்கிப் போட்டது. அப்புறம் பழுத்த பூசணிச் சதை. குட்டி ஆவலாகத் தின்றது. உடம்பு தேறி ஓடவும் ஆரம்பித்தது. செவலைக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

பிறகு வெங்காய அறுவடை நடந்தது. வயலில் உதிர்ந்து கிடந்த சின்ன வெங்காயத்தைத் தாளோடு கொண்டுவந்து குவித்தது கொம்பி. குட்டி மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

அந்த வழியாக வந்த கீரி, கொடுக்க வேண்டாம் என்று தடுத்தது. குப்பைமேட்டு நாய் ஒன்று வெங்காயம் தின்று செத்ததைக் கண்ணால் பார்த்ததாகச் சொன்னது.

கொம்பிக்குச் சுருக்கென்றது. “நான் தின்றேனே, எனக்கு என்ன ஆயிற்று?”

“நீ ஆடு. அது நாய்” என்றது கீரி.

சரியான பேச்சுதான். கேட்கத்தான் ஆளில்லை. கொம்பி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டது.

செவலைக்கு உள்ளூரப் பயம். ஆனால் இத்தனை நாள் சோறு போட்டவள் மனம் கோணிவிட்டால் நாளைக்கு யார் கொண்டுவருவார்கள்?

“சாப்பிடு கண்ணு. அத்தை ஆசையாகக் கொண்டுவந்திருக்கிறாள்.”

குட்டி அம்மாவைப் பார்த்தது. பிறகு தின்றது. அடுத்தடுத்த நாட்களிலும் தின்றது.

மெல்ல மெல்ல ஈறு வெளுத்தது. சிறுநீர் கறுத்துப் போனது. எழுந்து நின்றாலே மூச்சு வாங்கியது. கூப்பிட்டால் வாலை மட்டும் அசைத்தது. ஒரு காலையில் அதுவும் நின்றுவிட்டது.

விஷயம் தெரியாமல் கொம்பி பூசணித் துண்டோடு வந்தது. செவலை குட்டியை நக்கிக்கொண்டே இருந்தது. கொம்பியின் வாயிலிருந்து பூசணி கீழே விழுந்தது. கொன்றுவிட்டேனே என்று அது கதறியது.

“உன்மேல் கோபமில்லை கொம்பி. உனக்குத் தெரியாது. பயம் இருந்தும், வேண்டாம் என்ற பிள்ளையை நானல்லவா தின்ன வைத்தேன்!”

தனக்கு ஒத்துக்கொண்டது எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளும் என்று ஊட்டுகிறவரின் அன்பும், அவர் மனம் நோகக்கூடாதே என்று வாங்கிக்கொள்கிறவரின் தயக்கமும் சேர்ந்தால், ஒன்றும் அறியாத உயிர்தான் பலியாகும்.