புரிஞ்சுதா சார்?

பெயர் பரமகுரு. ஆனால் இந்தக் கதையில் அவர்தான் சீடர். கோவில்பட்டிப் பக்கம் வருடக்கணக்காக டியூஷன் எடுத்து, தலை நரைத்த பிறகு, டியூஷன் வாத்தியார்களுக்கான பயிற்சிக்கு வந்து உட்கார்ந்திருந்தார். குரு தாட்சாயணிக்கு அவர் மகள் வயதுதான் இருக்கும். குரு என்றால் தாடி இருக்க வேண்டுமென்று யார் சொன்னது?

அன்று காலை இட்லியைத் தட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார். அவரிடம் படிக்கும் மாரீஸ்வரியின் அப்பா சாயங்காலம் வருகிறார். ஒன்பதாம் வகுப்புப் பெண், கணக்கு என்றால் பூஜ்யம்.

"ஒரு வார்த்தை சொல்லுங்க சார். படிப்பு ஏறும்னா படிக்கட்டும். ஏறாதுன்னா மில்லுக்கு அனுப்பிருதேன்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

'ஏறாது' என்ற அந்த ஒரு வார்த்தை பரமகுருவின் நாக்கு நுனியில் தயாராகவே இருந்தது. அதைச் சொல்லத்தான் மனசு வரவில்லை.

உட்கார்ந்ததும் கேட்டுவிட்டார்.

"டீச்சர், என்கிட்ட மாரீஸ்வரின்னு ஒரு பிள்ளை, படிப்பு ஏறுமான்னு கேக்க அவ அப்பா சாயங்காலம் வாராரு. சில பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லிக் குடுத்தாலும் ஏறாதுதானே?"

தாட்சாயணி பையிலிருந்து கயிற்றுத் துண்டுகளை எடுத்து அவருக்கும், பக்கத்திலிருந்த புது வாத்தியார்கள் ஜெபமணிக்கும் ஹனீபாவுக்கும் ஆளுக்கொன்று கொடுத்தார்.

"எல்லாரும் கண்ணை மூடிக்கோங்க. ஒரு முடிச்சு சொல்லித் தாரேன். வாயால மட்டும்தான். கயித்துல சின்னதா ஒரு வளையம் போடுங்க. நுனியை அடியில இருந்து வளையத்துக்குள்ள விட்டு, நீளக் கயித்தை ஒரு சுத்து சுத்தி, திரும்ப அதே வளையத்துக்குள்ள இறக்கி இழுங்க. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது" என்று முந்திக்கொண்டு சொன்னவர் பரமகுருதான்.

கண்ணைத் திறந்தபோது ஜெபமணியின் கையில் முடிச்சு இருந்தது. பரமகுருவின் கையில் வெறும் கயிறுதான் இருந்தது.

"இப்ப நான் பேச மாட்டேன். கையை மட்டும் பாருங்க."

தாட்சாயணி மெதுவாகப் போட்டுக் காட்டினார். "அட, இவ்வளவுதானா!" என்று ஹனீபா அப்படியே போட்டுவிட்டான். பரமகுருவும் போட்டார். இழுத்ததும் முடிச்சு காணாமல் போனது. காதெல்லாம் சூடாகிவிட்டது. இத்தனை வருட வாத்தியாருக்கு ஒரு முடிச்சு வரவில்லை என்று இந்தச் சின்னப்பிள்ளைகள் நினைத்துவிடுமோ என்று நிஜமாகவே பயந்தார்.

"புரிஞ்சுதா சார்?"

"நல்லாவே புரிஞ்சுது டீச்சர்."

கயிற்றை மடியில் வைத்து மேலே கையைப் பொத்திக்கொண்டார். ஹனீபா மரியாதையாக ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அது இன்னும் மோசமாக இருந்தது.

தாட்சாயணி எதிர் நாற்காலியை விட்டு எழுந்து வந்து அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். தான் போட்ட முடிச்சை அவர் கையில் கொடுத்தார்.

"இதை அவுருங்க சார்."

"அவுக்கவா?"

"அவுருங்க."

பரமகுரு நுனியைப் பிடித்துப் பின்னால் தள்ளினார். கொஞ்சம் அவிழ்ந்தது. அது எந்த வழியாக வந்தது என்று பார்க்க, திரும்ப உள்ளே விட்டார். இன்னும் கொஞ்சம் அவிழ்த்தார், திரும்பப் போட்டார். முழுசாக அவிழ்ந்தபோது விரல்களுக்கு வழி தெரிந்திருந்தது. கட்டினார். பலங்கொண்ட மட்டும் இழுத்தார். முடிச்சு அசையவில்லை.

"வந்துட்டு டீச்சர்!" என்று சத்தமாகச் சிரித்தார்.

அப்புறம்தான் சுவர்க்கடிகாரம் கண்ணில் பட்டது. சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

"நான் கேட்டதுக்கு நீங்க பதிலே சொல்லலியே. அந்தப் பிள்ளையோட அப்பா வந்துருவாரு. நான் என்ன சொல்லட்டும்?"

"பாடம் முடிஞ்சதும் மாரீஸ்வரிகிட்ட புரிஞ்சுதான்னு கேப்பீங்களா?"

"கேக்காம இருப்பேனா? தினமும் கேப்பேன்."

"என்ன சொல்லுவா?"

"'நல்லாவே புரிஞ்சுது சார்'ம்பா. முதல் ஆளா சொல்லுவா. பரீட்சையில வெறும் பேப்பரைக் குடுத்துட்டு வருவா. எனக்கு எரிச்சலே அதுலதான் டீச்சர்."

தாட்சாயணி அவர் கையிலிருந்த கயிற்றைப் பார்த்தார்.

"எப்படிச் சொல்லுவா சார்? சித்த முன்னாடி நீங்க சொன்னீங்களே, அப்படியா?"