ஸ்டம்புக்குப் பின்னால் இரண்டு பேர்

"என்னைத் தண்ணி தூக்கச் சொல்றாங்க, பெர்பி."

சுபத்ரா கையுறைகளைத் தரையில் வீசினாள். பதினோரு வருடம் நாட்டுக்காக விக்கெட் கீப்பராக நின்றவள். நேற்று வெளியான பட்டியலில் அவள் பெயர் கடைசியில் இருந்தது. முதல் கீப்பர் ஒரு பத்தொன்பது வயதுப் பெண். சுபத்ரா ரிசர்வ்.

பெர்பெத்துவா அவளைவிட மூன்று வயது சின்னவள். ஒன்பது வருடம் அதே அணியில் இருந்துவிட்டு, இப்போது கோவில்பட்டியில் கீப்பிங் சொல்லித் தருகிறாள். கை தடுமாறும் கீப்பர்கள் எல்லோரும் கடைசியில் வந்து நிற்பது அவளிடம்தான்.

"அக்கா, யாரு சொன்னது?"

"தேர்வுக்குழுத் தலைவர்." சுபத்ரா கன்னத்தை உப்பிக்கொண்டு அவர் குரலிலேயே பேசினாள். "'பாரும்மா, பெஞ்சுலயும் அனுபவம் வேணும்மா. நீ இருந்தா சின்னப் பொண்ணுக்குத் தெம்பா இருக்கும்மா.' மூச்சுக்கு மூணு அம்மா. கழுத்தை நெரிக்கலாம்னு வந்துச்சு."

"காரணம்?"

"அரையிறுதியில ஒரு ஸ்டம்பிங் விட்டேன்ல." இப்போது மூக்கிலிருந்து வந்தது வர்ணனையாளர் குரல். "'அய்யய்யோ நேயர்களே, பந்தும் கையில இல்ல, கோப்பையும் கையில இல்ல.' இருபது தடவை போட்டுக் காட்டினான். நான் பிடிச்சதையெல்லாம் எவன் காட்டினான்?"

பெர்பெத்துவா சிரித்துவிட்டாள். குரல் அப்படியே இருந்தது.

"சிரிக்காத. ஓய்வுக் கடிதம் எழுதிட்டேன். சாயங்காலம் அனுப்பறேன். பாட்டிலும் துண்டும் தூக்கிட்டு ஓடறது ஒரு பொழப்பா? ரோஷம் இல்லாதவ எவளாவது போகட்டும்."

பெர்பெத்துவாவின் சிரிப்பு நின்றது.

கையுறைகளை எடுத்து, மண்ணைத் தட்டி, நீட்டினாள்.

"அனுப்புங்க. அதுக்கு முன்ன அறுபது பந்து பிடிச்சிட்டுப் போங்க."

பந்து வீசும் மெஷினை முடுக்கிவிட்டாள். சுபத்ராவுக்கு இருபது அடி பின்னால் போய், வெறுங்கையோடு குந்தினாள்.

"அங்க எதுக்குடி?"

"நீங்க விட்டா பிடிக்க."

"நான் விட மாட்டேன்."

"சரிக்கா."

முதல் பந்து அவள் கண்ணுக்குத் தலைவரின் மூஞ்சி. படார். இரண்டாவது வர்ணனையாளரின் மூக்கு. படார். பட்டியலைத் தட்டச்சு செய்தவனைக்கூட அவள் விடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டே அறுபதையும் பிடித்தாள். ஒன்றும் தவறவில்லை.

திரும்பிப் பார்த்தாள்.

பெர்பெத்துவா தொப்பலாக நனைந்திருந்தாள். தொடை நடுங்கிக்கொண்டிருந்தது.

"ஒவ்வொரு பந்துக்கும் குந்தி எழுந்தியா?"

"ஆமா."

"ஒண்ணுகூட வரலையே. பைத்தியமாடி உனக்கு?"

"பழக்கம். பவுண்டரிக்கு வெளிய ஒன்பது வருஷம் இப்படித்தான். நீங்க குந்தறப்ப நானும் குந்துவேன். உங்க விரல் உடைஞ்சா அடுத்த பந்துக்கு நான் உள்ள போகணும்ல." கையை உதறினாள். "உடையவே இல்ல. ஒரு மேட்ச்கூட ஆடாம வீட்டுக்கு வந்துட்டேன்."

மெஷின் இரைந்துகொண்டிருந்தது.

"பெர்பி... நான் சொன்னது உன்னை இல்ல."

"என்னைத்தான். உங்களுக்குப் பாட்டில் தூக்கினது வேற எவ?"

கடன் வாங்கிப் பேச அப்போது சுபத்ராவுக்கு வேறு யாருடைய குரலும் கிடைக்கவில்லை.

"உனக்குக் கோபமே வரலையா?" என்று கேட்டாள்.

"உங்க விரல் உடையணும்னு தினமும் மாதாகிட்ட வேண்டினேன். அவங்க கண்டுக்கல." பெர்பெத்துவா நெற்றியைத் துடைத்தாள். "அரையிறுதி அன்னிக்கு வீட்ல டிவி முன்னாடி குந்தியிருந்தேன். நீங்க விட்டீங்களே, அந்தப் பந்தை நான் பிடிச்சேன்."



சுபத்ரா கையுறைகளைக் கழற்றினாள். பெர்பெத்துவாவின் நெஞ்சில் வைத்து அழுத்தினாள்.

"முன்னால போ."

இருபது அடி பின்னால் நடந்தாள். வெறுங்கையோடு குந்தினாள்.

பெர்பெத்துவா ஸ்டம்பைப் பார்த்தபடியே சொன்னாள். "ஒரு பந்துகூட விட மாட்டேன்க்கா. சொல்லிட்டேன்."

"விட்டுத்தான் பாரேன்," என்றாள் சுபத்ரா.