சொட்டு வடியாத வத்தக்குழம்பு

செருப்பைக் கழற்று, பெல்ட்டைக் கழற்று என்று வரிசையையே அதட்டிக்கொண்டிருந்தார் விமான நிலையப் பாதுகாப்பு அதிகாரி துரைசிங்கம். இனிக் கழற்றத் தோல்தான் பாக்கி. காய்கறி விற்கிற சீனியம்மாளின் டப்பாவைத் திறந்ததும் அவர் குரல் இன்னும் ஏறியது.

“வத்தக்குழம்பா? திரவம் போகாது. குப்பையில கொட்டு!”

“சார்ஜாவுல மக முழுகாம இருக்கா சார். எதைத் தின்னாலும் வாந்தி. இது ஒண்ணுதான் வேணும்ங்கிறா.”

“சட்டம்னா சட்டம்.”

“அப்ப இந்தச் சோறு?” வழிக்குக் கட்டிவந்த பொட்டலத்தைக் காட்டினாள்.

“சோறு திரவமா? தாராளமா கொண்டு போ.”

“நாலு பேர் கேக்க இன்னொருக்காச் சொல்லுங்க.”

“சோறு போகலாம்!” என்று கத்தினார்.

சீனியம்மாள் சோற்றை அப்படியே குழம்பில் கொட்டினாள். வளையலை மேலே தள்ளிவிட்டுக் கெட்டியாகப் பிசைந்தாள்.

“இப்ப இதுல குழம்பு எங்க இருக்குன்னு காட்டுங்க சார். எடுத்துக் கொட்டிடறேன்.”

வரிசை கொல்லென்று சிரித்தது. துரைசிங்கம் டப்பாவைச் சாய்த்துப் பார்த்தார். ஒரு சொட்டு நகரவில்லை. மணம் மட்டும் மூக்கில் ஏறியது. எச்சிலை விழுங்கிக்கொண்டார்.

“சீக்கிரம் மூடும்மா,” என்றார் குரல் தணிந்து. “இன்னும் ஒரு நிமிஷம் திறந்திருந்தா, உன் மகளுக்குப் போறதை நானே தின்னுருவேன்.”