இடக்கைக்கு ஒரு கோல்

முன்னொரு காலத்திலே, மாடுகள் வாய் திறந்து பேசிக்கொண்டிருந்த நாளிலே, கொன்றைமலை நாட்டில் சென்னியப்பன் என்றொரு மாட்டுத் தரகன் இருந்தான். சந்தையில் உதைபட்டே தொழில் கற்றவன். கோபம் அவனுக்கு மூக்கு நுனியில். கைமேல் துண்டைப் போர்த்தி, அதனடியில் எதிராளியின் விரலைப் பிடித்து விலை பேசுவான். பேச்சு முற்றி அவன் கத்தக் கிளம்பும்போதெல்லாம், மனைவி பூவாத்தாள் துண்டுக்குள் கைவிட்டு அவன் வலது சுண்டுவிரலை ஓர் அழுத்து அழுத்துவாள். 'போதும் மாமா' என்று அர்த்தம். கோபம் இறங்கிவிடும்.

ஒருநாள் ஒரு மந்திரவாதி வந்து அவர்கள் காளையைக் கேட்டான். பூவாத்தாள் தரமாட்டேன் என்றாள். அவளைக் கல்லாக்கி மலையுச்சியில் நிறுத்திவிட்டான்.

காளை அழுதது. "அண்ணே, கார்த்திகை தீபம் அணையறதுக்குள்ள மலைக்கு நடந்தே போகணும். அங்க நிக்கிற கல்லுங்கள்ல அண்ணி எதுன்னு சொல்லணும். சரியாச் சொன்னா அவன் மந்திரம் முறியும், தப்பாச் சொன்னா நீயும் கல்லு."

மலைத் தீபம் பார்க்கப் போகும் யாத்திரைக் கூட்டத்தோடு சென்னியப்பன் கிளம்பினான். கால் வலித்தது. அவளை நினைத்தான். நடந்தான்.

சாலையோரம் ஒரு கிழவன் கோல் விற்றுக்கொண்டிருந்தான்.

"தம்பி, இந்த ரெண்டையும் ஊன்றினா வலியே தெரியாது, காத்தாப் பறக்கலாம். காசு வேண்டாம். ஊன்றின கை மரத்துப்போகும், அவ்வளவுதான்."

"கை மரத்துப்போனா நான் எப்படிய்யா விலை பேசறது?"

"மலை ஏறப்போறது காலா, கையா?"

சென்னியப்பன் யோசித்தான். கோல் இல்லாமல் போனால் தீபம் அணைந்துவிடலாம். "ஒண்ணு கொடு. இடக்கைக்கு."

"ஜோடியாத்தான் தருவேன்."

"அப்ப நீயே ஊன்றிக்க."

பத்தடி நடப்பதற்குள் கிழவன் கூப்பிட்டான். "சரி, எடுத்துக்க. எப்படியும் திரும்ப என்கிட்டதான் வருவே."

ஒற்றைக் கோலில் பாதி வலி போனது, பாதி இருந்தது. இடக்கை விறகுக்கட்டை ஆனது. ஆற்றங்கரையில் அதே கிழவன். "இன்னொண்ணு தரட்டுமா?" சென்னியப்பன் வலக்கையைப் பார்த்தான். அவள் அழுத்திய இடம் இன்னும் சூடாயிருப்பதுபோல் இருந்தது. "போய்யா." கால் வலித்தது. அவளை நினைத்தான். நடந்தான்.

அடிவாரத்தில் பாதம் வெடித்து ரத்தம் வந்தது. மேலே தீபம் மங்கியது. மறுபடியும் கிழவன், மறுபடியும் கோல். இம்முறை வலக்கை தானாக நீண்டது. கோலைத் தொடப்போய், சட்டென்று கையை இழுத்துத் துண்டுக்குள் பொத்திக்கொண்டான். முழங்காலால் ஏறினான்.

உச்சியில் ஒரே முகத்தோடு வரிசையாகக் கல்பெண்கள். கிழவன் வேஷம் கலைத்து மந்திரவாதியாய் நின்றான். "எங்கே, உன் பெண்டாட்டியைக் காட்டு."

துண்டைப் போர்த்தி, வலக்கையால் ஒவ்வொரு கையாகப் பிடித்தான். எல்லாம் சில்லென்ற கல். தீபம் விரலளவு சுருங்கியது. சென்னியப்பனுக்குத் தலைக்கேறியது.

"அடேய், ஊரான் பெண்டாட்டியை நிறுத்திவெச்சு எனக்கே பேரம் காட்டறயா? உன்னை..."

துண்டுக்கடியில், பிடித்திருந்த கல்விரல் அவன் சுண்டுவிரலை அழுத்தியது. எறும்பு ஊர்வதுபோல, அவ்வளவு மெல்ல.

கோபம் அப்படியே இறங்கியது. "இவதான்" என்றான்.

கல் சூடானது. பூவாத்தாள் மூச்சு விட்டாள். மற்றப் பெண்களும் அசைந்தார்கள். மந்திரவாதி கால் ஊன்றிய இடத்திலேயே பட்டமரமானான்.

"என்ன மாமா, இப்படியா கத்துவாங்க" என்றாள்.

சென்னியப்பனின் இடக்கைக்கு உணர்வு வந்துவிட்டது. காலுக்கு மட்டும் வலி போகவில்லை. நொண்டிக்கொண்டே இறங்கினான், கோலில்லாமல். அவர்கள் கைமேல் துண்டு கிடந்தது. அடியில் விரல்கள் என்ன பேசினவோ, வீட்டில் காத்திருந்த காளைக்கும் தெரியாது, கதை சொல்லும் எனக்கும் தெரியாது.