பழக்கிய கௌதாரி

ஒரு காட்டில், ஓடை வற்றிக் கிடந்த பக்கமாக, இலந்தைப் புதர்கள் மண்டிய ஓர் இடம் இருந்தது. விடிந்ததும் அங்கிருந்து ஒரு கௌதாரி கணீரென்று கூவும். கேட்டவர்கள், "அடடா, எவ்வளவு சந்தோஷமான பறவை!" என்று சொல்லிக்கொண்டு போவார்கள். குழந்தைகளே, அதைவிடத் துக்கப்பட்ட பறவை அந்தக் காட்டிலேயே கிடையாது.

அதன் பெயர் சாம்பலன். அது இருந்தது ஒரு மூங்கில் கூண்டுக்குள். ஒரு வேட்டைக்காரன் தினமும் அந்தக் கூண்டைக் கொண்டுவந்து புதருக்குள் வைப்பான். இலைதழை போட்டு மூடுவான். சுற்றிலும் கண்ணிகளை நடுவான். பிறகு பனைமரத்துக்குப் பின்னால் மறைந்து உட்கார்ந்து ஒரு சீட்டி அடிப்பான். உடனே சாம்பலன் கூவும்.

கௌதாரிகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. தங்கள் இடத்தில் வேறொரு கௌதாரி வந்து கூவினால், "யாரடா அது?" என்று சண்டைக்குக் கிளம்பிவிட வேண்டும். கிளம்பாவிட்டால் மானக்கேடு. அப்படி மானத்தோடு வந்தவை எல்லாம் கண்ணியில் கால் மாட்டித் துடித்தன. வேட்டைக்காரன் அவற்றைப் பையில் போட்டுக்கொண்டு போனான். தன் இனம் தன் குரலாலேயே அழிவதைச் சாம்பலன் பார்த்துக்கொண்டே இருந்தது.

பிடிபட்ட புதிதில் அதுவும் போராடிப் பார்த்தது. மண்டை உடைந்து ரத்தம் வரும்வரை மூங்கிலில் மோதியது. கூவமாட்டேன் என்று வாயை மூடிக்கொண்டது. வேட்டைக்காரன் கூண்டைப் பிடித்து உலுக்கு உலுக்கென்று உலுக்கினான். இரண்டு நாள் ஒரு மணி கம்புகூடப் போடவில்லை. மூன்றாம் நாள் சாம்பலன் கூவியது. அதோடு சரி. அதற்குப் பிறகு எதையும் அது முயன்று பார்க்கவில்லை.

கூண்டிலிருந்து சிந்தும் கம்பைத் தின்ன ஒரு வெள்ளெலி வரும். சரியான வாயாடி. ஒருநாள் காலையில், வாய் நிறையக் கம்பை அடக்கிக்கொண்டு அது கேட்டது:

"ஏன் அண்ணே, நீ எதற்குத் தினமும் கூவுகிறாய்?"

"கூவாவிட்டால் அவன் கூண்டை உலுக்குவான். பட்டினி போடுவான்."

"கடைசியாக எப்போது உலுக்கினான்?"

சாம்பலன் யோசித்தது. "நான் வந்த வருஷம். மூன்று மழைக்காலம் ஆயிற்று."

"அதற்குப் பிறகு?"

"அதற்குப் பிறகு நான் கூவாமல் இருந்ததே இல்லையே!"

எலி சிரித்ததில் வாயிலிருந்த கம்பு சிதறியது. "நல்ல கூத்து! அவன் உலுக்குவதை விட்டு மூன்று வருஷம் ஆகிறது. நீ இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறாய்!"

"உனக்கென்ன, நீ வெளியே இருக்கிறாய்," என்றது சாம்பலன். "என்னால் ஒன்றும் ஆகாது. சீட்டி கேட்டால் என் தொண்டை தானாகத் திறந்துகொள்கிறது. அது என் பேச்சைக் கேட்பதில்லை."

"உன் தொண்டைக்குள் அவன் கையா இருக்கிறது?" என்று கேட்டுவிட்டு எலி தன் வளைக்குள் ஓடிவிட்டது.

அப்போது சீட்டி ஒலித்தது. சாம்பலன் கூவியது. கூவி முடித்த பிறகுதான், கூவிவிட்டோம் என்றே அதற்குத் தெரிந்தது. வெட்கமாக இருந்தது. செத்துப்போனால் தேவலை என்று நினைத்தது.

"எவன்டா அது எங்கள் இடத்தில்?" என்று ஓர் இளம் சேவல் கௌதாரி துள்ளிக்கொண்டு வந்தது. அதன் பின்னால், வலது காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்தபடி ஒரு பெட்டை ஓடிவந்தது. "நில்லடா, அவசரப்படாதே!" என்று கூப்பிட்டது.

அந்த நடை சாம்பலனுக்குத் தெரியும். அந்தப் பெட்டை சாம்பலனின் துணை. சாம்பலன் பிடிபட்டபோது அது முட்டைகளை அடைகாத்துக்கொண்டிருந்தது. அப்படியானால் முன்னால் வருவது யார்?

மறுபடியும் சீட்டி. தொண்டை திறந்துகொண்டது. சாம்பலன் இரண்டு கால்களையும் அழுத்தி ஊன்றியது. வெளியே வர இருந்த குரலை விழுங்கியது. பிறகு, மூன்று வருஷமாக வராத வேறொரு குரலில் கத்தியது.

"ஓடுங்கள்! கண்ணி! வராதே மகனே, கண்ணி!"

கண்ணிக்கு ஒரு சாண் முன்னால் நின்றது இளம் சேவல். மறுகணம் இரண்டும் புதருக்குள் மறைந்துவிட்டன.

வேட்டைக்காரன் பாய்ந்து வந்தான். கூண்டை உலுக்கினான். சாம்பலன் உருண்டது, விழுந்தது, எழுந்தது. "கூவு!" என்றான். "கண்ணி! கண்ணி!" என்றே அது கத்தியது. அன்று கம்பு இல்லை. மறுநாளும் இல்லை. அதே உலுக்கல், அதே பட்டினி. சாம்பலனுக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் சீட்டிக்கு அது கூவவில்லை.

மூன்றாம் நாள் வேட்டைக்காரன், "இனி நீ குழம்புக்குத்தான் லாயக்கு" என்று கூண்டைத் திறந்து கையை விட்டான். முன்பெல்லாம் அந்தக் கை வந்தால் சாம்பலன் கண்ணை மூடிக்கொண்டு மூலையில் ஒடுங்கிவிடும். இப்போது காலின் பின்புறம் இருக்கும் கூரிய முள்ளால் ஓங்கி ஓர் உதை உதைத்தது. "ஐயோ!" என்று அவன் கையை உதறினான். சாம்பலன் வெளியே குதித்து, பட்டினிக் கால்களால் ஓடியது, விழுந்தது, மறுபடி ஓடியது.

ஓடைக்கு அப்பால் நின்று, யாரும் சீட்டி அடிக்காமல், தானாகவே ஒருமுறை கூவியது. பதில் இல்லை. அந்தக் குரலைக் கேட்டாலே நடுங்கும் காடு அது. எத்தனையோ வீடுகளில் சாவு விழக் காரணமான குரல் அல்லவா? சாம்பலன் விம்மி விம்மி அழுதது. அழுதுவிட்டு மறுநாளும் கூவியது. அதற்கு மறுநாளும் கூவியது.

நான்காம் நாள், எதிர்மேட்டில் புல் அசைந்தது. நொண்டிப் பெட்டை தலையை மட்டும் நீட்டியது.

"இங்கே கண்ணி இருக்கிறதா?"

"இல்லை."

"உன் வாயை நம்பி நான் எப்படி வருவேன்?"

"நீ வர வேண்டாம்," என்றது சாம்பலன். "அங்கேயே நில். நான் வருகிறேன்."

சொல்லிவிட்டு மேட்டை நோக்கி நடக்கத் தொடங்கியது.

நீதி: அன்று முடியாமல் போனது இன்றும் முடியாது என்று இருந்துவிடாதே, உன் வசம் மிச்சமிருப்பது எவ்வளவு சிறியதானாலும் அதிலிருந்து தொடங்கு.